தூரமும் நேரமும்: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அளவற்ற அருளாளனாம் அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறோம்.

நம் ஊரில் இன்று ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே ஊரில் இருப்பது அரிது. ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஆகவே, “அந்த ஊர் எவ்வளவு தூரம்? வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்?” என்னும் கேள்வி நம் வீடுகளில் நாள்தோறும் எழுகிறது. பிரயாண நாளில் எழும்போது அது சாதாரணக் கேள்வி. வீட்டில் ஒருவர் மவ்த்தாகிவிட்ட நாளில் எழும்போது அது சாதாரணக் கேள்வியன்று. அதற்குச் சொல்லும் விடையைக் கொண்டுதான் ஜனாஸாவின் நேரம் குறிக்கப்படுகிறது. எனவே இந்தக் கேள்விக்கு விடை காணும் முறையை நாம் அனைவரும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

முன்னோர் தூரத்தை நேரத்தால் அளந்தனர். ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால் ‘மர்ஹலா’ என்னும் சொல்லைக் காண்கிறோம். ஒரு மர்ஹலா என்பது ஒரு நாள் பிரயாணம். பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் தூரத்தை ஷாஃபிஈ இமாம்கள் இரண்டு மர்ஹலா என்றார்கள். ஹனஃபி இமாம்கள் மூன்று நாள் நடைதூரம் என்றார்கள். எத்தனை நாளில் சேரலாம் என்பதே அன்று மக்களுக்குத் தேவையான கணக்காக இருந்தது. நம் பாட்டனார் காலத்திலும் அப்படியே. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்குச் சென்ற ரஜுலா கப்பலை 1970-களின் தொடக்கம் வரை நம்மவர்கள் அறிவார்கள். சிங்கப்பூர் எத்தனை மைல் என்று அவர்கள் சொன்னதில்லை. கப்பலில் ஒரு வாரம் என்றே சொன்னார்கள். இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூர் விமானத்தில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

நாமோ இன்று கிலோமீட்டரை முதலில் கேட்டு, அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, நேரத்தைக் கண்டுவிட்டதாக எண்ணுகிறோம். இந்த வகுத்தல் எங்கே சரியாகிறது, எங்கே தவறுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். உலகில் இடையில் எங்கும் இறங்காமல் விமானம் பறக்கும் மிக நீண்ட வழித்தடங்களுள் ஒன்று சிங்கப்பூர் – நியூயார்க் வழித்தடம். அதையே எடுத்துக்கொள்வோம்.

தூரத்தை அறிவது எப்படி?

இவ்விரு நகரங்களுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று மேலே உள்ளது. நியூயார்க் ஏறத்தாழ 41-ஆம் பாகையில் உள்ளது. கிழக்கு மேற்காக இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 178 பாகை. பூமியின் சுற்று 360 பாகை. அதில் பாதி 180. எனவே இவ்விரு நகரங்களும் பூமிப் பந்தில் ஏறத்தாழ நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஒரு பந்தில் எதிரெதிர்ப் பக்கத்திலிருக்கும் இரண்டு புள்ளிகளை நூலால் இணைத்துப் பாருங்கள். நூல் பந்தின் உச்சி வழியாகச் செல்லும். அதுபோல இவ்விரு நகரங்களுக்கும் மிகக் குறுகிய பாதை வட துருவத்திற்கு அருகே செல்கிறது.

சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை ஏறத்தாழ 88.6 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை. கூட்டினால் 138 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 15,345 கிலோமீட்டர் வருகிறது. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்திற்கு வல்லுநர்கள் கணக்கிட்டுச் சொல்லும் தூரமும் இதற்குச் சில கிலோமீட்டர்தான் கூடக் குறைய இருக்கும்.

ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்று அளந்த பணியில் நம் சமுதாயத்து அறிஞர்களுக்கு நல்ல பங்கு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூனின் ஆணைப்படி அறிஞர்கள் இராக்கின் சிஞ்சார் சமவெளியில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து நடந்தார்கள். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை நடந்து, நடந்த தூரத்தைக் கயிற்றால் அளந்தார்கள். ஒரு பாகைக்கு 56 அரபு மைலும் இன்னொரு மைலில் மூன்றில் இரண்டு பங்கும் என்று கண்டார்கள். பின்னர் அல்பீரூனி (973–1048) இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையில் மலையின் உயரத்தையும் தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் கொண்டு பூமியின் அளவைக் கணக்கிட்டார். நகரங்களின் இருப்பிடங்களையும் அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களையும் ஆராய ஒரு தனி நூலே எழுதினார். கஸ்னா நகருக்குக் கிப்லாவின் திசையைச் சரியாக அறிவது அந்த ஆராய்ச்சியின் நோக்கங்களுள் ஒன்று.

கிப்லாவும் இதே கணக்கில் அடங்கியதுதான். தட்டையான படத்தில் பார்த்தால் நியூயார்க்கிலிருந்து மக்கா தென்கிழக்கே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் உருண்டையான பூமியில் குறுகிய பாதை வடகிழக்காகச் செல்கிறது. அதனால் நியூயார்க் பள்ளிவாசல்களில் வடகிழக்கு நோக்கித் தொழுகிறார்கள். படம் தட்டை, பூமி உருண்டை என்பதை மறந்தால் திசையும் தவறும், தூரமும் தவறும்.

குறுகிய பாதையும் விரைவான பாதையும்

தூரம் கிடைத்துவிட்டது. இப்போது வகுத்துப் பார்ப்போம். பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 15,345-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. ஆனால் விமான நிறுவனத்தின் அட்டவணை ஏறத்தாழ 18½ மணி முதல் 19 மணி வரை என்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

விமானம் ஓடுதளத்திற்குச் செல்லவும், ஏறவும், இறங்கவும் ஆகும் நேரம் ஒரு பகுதி. அதைவிடப் பெரிய காரணம் காற்று. பூமியின் வட பாதியில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்றோட்டம் ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. சில சமயம் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். கூடப் போகும் விமானத்தை அது தள்ளிவிடும். எதிரே வரும் விமானத்தைத் தடுக்கும். நியூயார்க்கிலிருந்து லண்டன் செல்ல வழக்கமாக ஏறத்தாழ ஏழு மணி நேரமும், திரும்பிவர ஏறத்தாழ எட்டு மணி நேரமும் ஆவது இதனால்தான். 2020 பிப்ரவரியில் பெரும்புயல் வீசிய ஓர் இரவில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணிக்கும் குறைவான நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

சிலர் இதற்குப் பூமி சுழல்வதே காரணம் என்பர். பூமி சுழலும்போது அதைச் சூழ்ந்த காற்று மண்டலமும் உடன் சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்ளேதான் பறக்கிறது. ஆகவே மேலே நின்றுகொண்டால் ஊர் தானாகக் கீழே வந்து சேரும் என்று எண்ணுவது சரியன்று.

இந்தக் காற்றைப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் பல நாள்களில் துருவ வழியை விட்டு, பசிபிக் பெருங்கடலைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்கிறது. திரும்பும்போதும் பல நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! போய்த் திரும்பிய பயணி பூமியையே ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறார். பாதை சற்று நீண்டாலும் நேரம் மிச்சமாகிறது. குறுகிய பாதையே விரைவான பாதையாக இருக்கும் என்பது கட்டாயமில்லை.

இன்னொரு காரணம், வானத்திலும் எல்லைகள் இருப்பது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்யா தன் வான்வழியைப் பல நாட்டு விமானங்களுக்கு அடைத்தது. அதற்கு முன் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு ஏறத்தாழ 9½ மணி நேரத்தில் சென்ற விமானம், பின்னர் வட துருவத்தையோ தெற்கேயோ சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்கலாயிற்று. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. பூமி சுருங்கவுமில்லை, விரியவுமில்லை. மனிதர்களின் பகைமை மூன்றரை மணி நேரத்தைக் கூட்டியது.

எரிபொருளும் ஒரு காரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2004 ஜூனில் நியூயார்க்கை அடுத்த நூவார்க் நிலையத்திற்கு இடைநில்லா விமானத்தைத் தொடங்கியது. நான்கு எஞ்சின் கொண்ட அவ்விமானம் மிகுதியான எரிபொருளைக் குடித்தது. 2013 நவம்பரில் அச்சேவை நின்றது. இரண்டே எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். என்னும் விமானம் வந்தபின், 2018 அக்டோபர் 11 அன்று மீண்டும் தொடங்கியது. 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் அவ்விமானத்தில் 161 இருக்கைகளே வைக்கப்பட்டன. தொலைவு செல்ல வேண்டுமாயின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஒட்டகத்தில் சென்றவர்களும் அறிந்த உண்மை. அந்த முதல் விமானம் ஏறத்தாழ 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. 2020 நவம்பர் முதல் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கும் இச்சேவை உண்டு.

கடிகாரம் காட்டும் மாயம்

அடுத்து, பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்தைக் கவனிப்போம். அதில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கணக்கு. சேரும் நேரம் சேரும் ஊரின் கணக்கு. சிங்கப்பூர் நியூயார்க்கைவிடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முந்தியிருக்கிறது. கோடையில் சிங்கப்பூரில் வியாழன் இரவு 11.30-க்குப் புறப்பட்டு 18 மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் வெள்ளி விடியற்காலை 5.30-க்கு இறங்குவோம். சீட்டைப் பார்ப்பவருக்கு ஆறே மணி நேரம்போலத் தோன்றும். திரும்பும்போது நியூயார்க்கில் வியாழன் இரவு 10.30-க்குப் புறப்பட்டு 19 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் சனிக்கிழமை விடியற்காலை 5.30-க்கு இறங்குவோம். சீட்டில் 31 மணி நேரம்போலத் தோன்றும். இரண்டும் உண்மையில் ஏறத்தாழ ஒரே அளவான பயணங்கள்.

இதில் தொழுகையாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இரவில் புறப்பட்ட விமானம் பசிபிக் வழியாகக் கிழக்கே சென்றால், சூரியனை எதிர்கொண்டு செல்கிறது. இரவு விரைவில் முடிந்து, பகல் விரைவில் கழிந்து, மீண்டும் இரவு வந்து, அதன் முடிவில் நியூயார்க்கில் இறங்கும். பதினெட்டு மணி நேரத்திற்குள் ஃபஜ்ரு, லுஹர், அஸர், மஃரிப், இஷா ஐந்தும் வந்து போய்விடுகின்றன. வழியில் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடப்பதால் காலண்டர் ஒரு நாள் பின்னே போகிறது. அதனால்தான் ஒரு முழுப் பகலைக் கண்டும் தேதி கூடாமல் நிற்கிறது. அதே விமானம் மேற்கு நோக்கிச் சென்றாலோ, இரவும் கூடவே தொடரும். பெரும்பாலும் இருட்டிலேயே பயணம் முடியும். ஆகையால் கைக்கடிகாரத்தை நம்பி வக்தைத் தீர்மானிக்கக் கூடாது. சன்னல் வழியே தெரியும் சூரியனையும், இருக்கைக்கு எதிரே காட்டப்படும் வரைபடத்தையும் பார்க்க வேண்டும். பயணத்தில் சேர்த்தும் சுருக்கியும் தொழும் சட்டங்களைப் புறப்படும் முன்பே தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொரு கவனம்: இரவு 12 மணிக்குப் பின் புறப்படும் விமானம். சீட்டில் 15-ஆம் தேதி 00.40 என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவு 9.30 மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்பவருக்கு விமானம் முந்தின இரவே போயிருக்கும்.

உடல் நலத்திற்கும் ஒரு வார்த்தை. நீண்ட நேரம் காலை மடக்கி அமர்ந்திருந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. மணிக்கொரு முறை எழுந்து சிறிது நடக்க வேண்டும். தண்ணீர் போதிய அளவு அருந்த வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுபவர்கள், பகலும் இரவும் மாறும் பயணத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தைக் கைப்பையில் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கலாகாது.

வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை

இப்போது நம் ஊருக்கு வருவோம். நியூயார்க்கிலிருந்து சென்னை சுமார் 13,500 கிலோமீட்டர். 900-ஆல் வகுத்தால் 15 மணி நேரம். மவ்த்துச் செய்தி சொன்ன உடனே, “மகன் பதினைந்து மணி நேரத்தில் வந்துவிடுவார்” என்று யாரேனும் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்லிவிடுகிறார். உண்மையான கணக்கைக் கூட்டிப் பார்ப்போம்.

செய்தி கிட்டி, சீட்டு எடுத்து, வீட்டை விட்டுப் புறப்பட நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். விமானத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். துபாய் அல்லது தோஹா வரை 12½ மணி நேரம். அங்கே அடுத்த விமானத்திற்காக மூன்று மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் ஒன்றரை மணி நேரம். சென்னையிலிருந்து ஊருக்குச் சாலையில் ஐந்து மணி நேரம். ஆக மொத்தம் 33 மணி நேரம். இதுவும் எல்லாம் தடையின்றி நடந்தால்தான். அன்றைய விமானம் போய்விட்டிருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளையாயின் இந்தியாவுக்கு விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ கையில் இருக்க வேண்டும். இல்லையெனில் கணக்கு மணியில் நிற்காது, நாளாக மாறும்.

பதினைந்து என்று எண்ணியது முப்பத்து மூன்றாகும்போது என்ன நேர்கிறது? அஸருக்கு அடக்கம் என்று அறிவிக்கப்படுகிறது. பின்பு இஷாவுக்கு என்கிறார்கள். பின்பு மறுநாள் ஃபஜ்ருக்கு என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவினர் தவிக்கின்றனர். மையித்தைக் குளிர்பெட்டியில் வைத்து வீட்டார் இரவெல்லாம் அமர்ந்திருக்கின்றனர். இத்தகைய நிகழ்ச்சிகளை நம் ஊர்களில் நாம் கண்டுதான் இருக்கிறோம். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வதே மார்க்கம் வலியுறுத்தும் முறை. பெற்றோரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண வேண்டும் என்னும் பிள்ளையின் தவிப்பும் இயல்பானது. அதை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் அந்தத் தவிப்பு பொய்க் கணக்கின் மீது நிற்கக் கூடாது. சரியான கணக்கைச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே, “காத்திருக்க வேண்டாம், அடக்கிவிடுங்கள்” என்று சொல்லும் பக்குவம் உடையவர்கள். வந்தபின் கப்ரை ஸியாரத் செய்யலாம், துஆச் செய்யலாம், அவர்கள் பெயரால் தர்மம் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் தொலைவில் இருப்பவர் அங்கிருந்தே காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுவதற்கும் இடமுண்டு. பிள்ளையின் துஆவுக்கு இடையில் கிலோமீட்டர் கிடையாது.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே ஜமாஅத்தின் முன் சில கருத்துகளை வைக்கிறோம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டாரும், அவர்கள் இருக்கும் நகரம், அங்கிருந்து நம் ஊர் வாசல் வரை வந்துசேர ஆகும் மொத்த நேரம், தொடர்பு எண் ஆகியவற்றை எழுதி வீட்டில் வைத்திருக்கட்டும். வெளிநாட்டில் உள்ளவர்கள் பாஸ்போர்ட், விசா முதலியவற்றின் காலக்கெடுவைத் தவணை முடியும் முன்பே புதுப்பித்துக்கொள்ளட்டும். வயது முதிர்ந்தவர்கள், “எனக்காக யாரையும் காத்திருக்க வைக்க வேண்டாம்” என்பதையோ வேறு விருப்பத்தையோ உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடட்டும். மவ்த்து வீட்டில் நேரம் குறிக்கும்போது, சீட்டைக் கையில் பெற்ற மகனிடமே கேட்டு நேரத்தை அறிந்துகொள்வோம். திண்ணைக் கணக்கைக் கொண்டு அறிவிப்புச் செய்வதைத் தவிர்ப்போம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று சொல்லி முடிக்கிறோம். பெற்றோரைப் பார்க்க வரும் பயணத்தை மவ்த்துச் செய்திக்காக வைத்திருக்க வேண்டாம். 33 மணி நேரப் பயணம் உயிரோடிருக்கும் தாயைக் காண்பதற்கும் அதே 33 மணி நேரம்தான். அப்போது வந்தால் அவசரமில்லை, தவிப்பில்லை. ஒரு வாரம் கூட இருந்து அவர்களுடைய கையால் சாப்பிட்டுச் செல்லலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கைக்கு இந்த மலர் கிடைத்தால், இந்த ஒரு பத்தியையாவது அவர்கள் படிக்க வேண்டுமென விரும்புகிறோம்.

பயணம் செய்வோரை வல்ல அல்லாஹ் நலமாகக் கொண்டுசேர்ப்பானாக! காத்திருப்போரின் கண்களைக் குளிரச் செய்வானாக! நம்மை விட்டுப் பிரிந்தோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.